சும்மா விளையாட்டுக்கு

தன் பேரில் ஏதோ குறை இருக்கிறது என்பது பதினாறு வயது வரை மொக்கம்மாளுக்குத் தெரியாது. கடமலைக்குண்டுப் பக்கம் அந்தப் பேர் சர்வ சாதாரணம். பத்தாவது வரை அவள் படித்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அவளோடு சேர்த்து மூன்று மொக்கம்மாள்கள் இருந்தார்கள். ஒருத்தி பெரிய மொக்கம்மா, இன்னொருத்தி சின்ன மொக்கம்மா, இவள் கணக்கில் நூறு வாங்குவதால் கணக்கு மொக்கம்மா. வீட்டில் வெறும் மொக்கு. அம்மா முருகம்மாள் அந்தக் கடைசி எழுத்தை ஓர் இழுப்பு இழுப்பாள். சோறு போட்டாச்சு வா என்பதும் அந்த இழுப்பில்தான், தலை பின்னலாம் வா என்பதும் அந்த இழுப்பில்தான்.

பத்தாவதில் நல்ல மதிப்பெண் வந்ததும் அப்பா சுருளியாண்டி அவளைத் தேனியில் ஒரு பெண்கள் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பில் சேர்த்துவிட்டார். தக்காளித் தோட்டமும் பத்துத் தென்னையும் வைத்திருந்த மனுஷன். மகள் டவுனில் படிக்கப் போகிறாள் என்பதை டீக்கடையில் யாரும் கேட்காமலே சொன்னார். காலை ஆறே முக்கால் பஸ்ஸில் ஏறினால் கண்டமனூர், க.விலக்கு தாண்டி எட்டேகாலுக்குத் தேனி.

முதல் நாள் வகுப்பாசிரியை கஸ்தூரியம்மாள் பதிவேட்டை வாசித்துக்கொண்டே வந்தவர் இவள் பேரில் நின்றார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"மொக்கம்மாளா? இந்தக் காலத்துல யாரும்மா இப்படிப் பேரு வச்சது?"

"குலசாமிக்கு நேர்ந்துக்கிட்ட பேரு மிஸ்."

மிஸ் சிரித்தார். கெட்ட எண்ணமெல்லாம் இல்லை, சட்டென்று வந்த சிரிப்பு. ஆனால் மிஸ்ஸே சிரித்துவிட்டதால் வகுப்பில் இருந்த நாற்பத்திரண்டு பேரும் சிரித்தார்கள். மொக்கம்மாளும் சிரித்தாள். அந்த இடத்தில் சிரிக்காமல் இருந்தால் தப்பாகிவிடும் போல அவளுக்குத் தோன்றியது.

இரண்டாவது பெஞ்சில் இருந்த ஜெஸ்லின் நகர்ந்து உட்கார்ந்து, "இங்கன வாடி" என்று பக்கத்தில் இடம் கொடுத்தாள். அல்லிநகரத்துப் பெண். அவள் அப்பா முத்துராஜாவுக்குத் தேனி கடைத்தெருவில் பெயின்ட் கடை. வாய் திறந்தால் சுற்றியிருப்பவர்கள் சிரித்துவிடுவார்கள், அப்படி ஒரு பேச்சு. முதல் வாரமே முருகம்மாள் கட்டிக்கொடுத்த கத்திரிக்காய்க் குழம்பு பாதி ஜெஸ்லினுக்கும், அவள் வீட்டுச் சப்பாத்தி பாதி இவளுக்கும் என்று ஆகிப்போனது.

"மொக்கம்மாள்னு முழுசாக் கூப்பிட்டு முடிக்கிறதுக்குள்ள பெல் அடிச்சிரும்டி. மொக்கன்னே கூப்பிடுறேன், சரியா?"

சரி என்றாள். உண்மையில் பிடித்தே இருந்தது. யாரையும் தெரியாத ஊரில் ஒருத்தி செல்லப் பேர் வைக்கிறாள் என்றால் அவளுக்கு நாம் வேண்டப்பட்டவள் என்றுதானே அர்த்தம்.

பேர் வைத்தது ஜெஸ்லின்தான் என்றாலும் அது அவள் கையோடு நிற்கவில்லை. யாராவது சொன்ன ஜோக்குக்குச் சிரிப்பு வராவிட்டால், "ஐயோ மொக்கம்மா" என்பார்கள். மின்விசிறி ஓடாத பீரியட் மொக்கம்மா. உப்பில்லாத உப்புமா மொக்கம்மா. ஆரம்பத்தில் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அவள் திரும்புவாள். கூப்பிட்டிருக்க மாட்டார்கள். திரும்பியதைப் பார்த்து இன்னொரு சிரிப்பு வரும்.

ஆகஸ்டில் ஒரு படம் வந்தது. மதியச் சாப்பாட்டில் அவள் வாயை அகலத் திறந்து ஒரு கவளத்தை உள்ளே தள்ளும் நேரத்தில் ஜெஸ்லின் எடுத்த போட்டோ. பின்புலத்தை வெட்டி, கீழே ஆங்கில எழுத்தில் 'செம மொக்க' என்று போட்டு ஸ்டிக்கராக்கி, வகுப்புப் பெண்களின் வாட்ஸ்அப் குரூப்பில் விட்டிருந்தாள். அன்று இரவு எட்டு மணிக்குள் அறுபது தடவைக்கு மேல் வந்தது. வீட்டுப்பாடம் என்ன என்று ஒருத்தி கேட்டாலும் பதிலுக்கு அவள் திறந்த வாய்தான்.

மொக்கம்மாளிடம் தனியாகப் போன் கிடையாது. எல்லாம் அம்மாவின் போனில்தான். முருகம்மாளுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டி வாசிக்க வரும், இங்கிலீஷ் வராது. அடுப்படியில் இருந்து போனை எடுத்துக்கொண்டு வந்தவள் முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

"மொக்கு, ஒம் போட்டாவ இம்புட்டு அழகா வெட்டி வச்சிருக்காகளே. ஆளாளுக்கு மாத்தி மாத்திப் போடுறாக. கூடப் படிக்கிற பிள்ளைகளுக்கு ஒம்மேல அம்புட்டுப் பிரியமா?"

மொக்கம்மாள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். "ஆமாம்மா" என்றாள்.

முருகம்மாள் அந்தப் படத்தைத் தன் தங்கைக்கும் அனுப்பிவைத்தாள்.

மறுநாள் மொக்கம்மாள் ஜெஸ்லினிடம் கேட்டுவிட்டாள். பஸ்ஸில் வரும்போதே வார்த்தைகளைக் கோத்து வைத்துக்கொண்டு வந்தாள். ஆனால் நேரில் வந்தது இவ்வளவுதான்: "அந்தப் படத்த எடுத்துரு ஜெஸ்லின். எனக்கு ஒரு மாதிரி இருக்கு."

ஜெஸ்லின் முகம் சுருங்கியது. "சும்மா விளையாட்டுக்குத்தானடி போட்டோம். எல்லாரும் சிரிக்கத்தான் செய்றாக, யாராவது திட்டுறாகளா? இதுக்குப் போயி மூஞ்சியத் தூக்குற."

அதற்கு அடுத்த நாள் இரண்டாவது பெஞ்சில் அவள் இடத்தில் ஒரு பை உட்கார்ந்திருந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பையை எடுக்கவும் இல்லை. மொக்கம்மாள் கடைசி பெஞ்சுக்குப் போனாள். மதியம் வேப்பமரத்தடியில் வட்டமாக உட்கார்ந்திருந்தவர்கள் அவள் வரும்போது ஒருவரை ஒருவர் ஒட்டி உட்கார்ந்துகொண்டார்கள். குரூப்பில் ஒரு சத்தமும் இல்லை. வேறு குரூப் ஒன்று தொடங்கிவிட்டார்கள் என்பதும் அதில் தான் இல்லை என்பதும் அவளுக்கு விளங்க நான்கு நாள் ஆனது. மொக்க என்று கூப்பிட்டபோதாவது கூப்பிட்டார்கள். இப்போது அதுவும் இல்லை. அந்தப் பேருக்காக ஏங்குகிற அளவுக்குத் தான் வந்துவிட்டதை நினைத்து அவளுக்கே வெட்கமாக இருந்தது.

ஒருநாள் இயற்பியல் வகுப்பில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல எழுந்தாள். சடையில் கட்டியிருந்த ரிப்பனை யாரோ பெஞ்சின் ஆணியில் முடிந்து வைத்திருந்தார்கள். எழுந்த வேகத்தில் தலை பின்னுக்கு இழுபட்டு, உட்கார்ந்த இடத்திலேயே மறுபடியும் விழுந்தாள். வகுப்பே சிரித்தது. என்ன நடந்தது என்று தெரியாத சார், "ஒழுங்கா எந்திரிக்கக்கூடத் தெரியாதா?" என்றார். பதில் அவளுக்குத் தெரிந்திருந்தது. சொல்லவில்லை.

அதன் பிறகு உடம்பு தன் பாட்டுக்குச் சில வேலைகளைச் செய்ய ஆரம்பித்தது. காலை ஆறு மணிக்கு வயிறு வலிக்கும், பஸ் போய்விட்டால் வலி நின்றுவிடும். பள்ளிக்கூடத்தில் தண்ணீர் குடிப்பதை விட்டுவிட்டாள். குடித்தால் கழிப்பறைக்குப் போக வேண்டும், போனால் அங்கே கூட்டமாக நிற்பார்கள். குரல் உள்ளே போய்விட்டது. காலையில் பேர் வாசிக்கும்போது "பிரசன்ட் மிஸ்" என்று சொல்லத்தான் செய்வாள். அது அவள் பல்லைத் தாண்டி வெளியே வந்ததா என்பது அவளுக்கே தெரியாது.

செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை அது வரவில்லை. கஸ்தூரி மிஸ் தலையைத் தூக்காமலே ஆப்சென்ட் போட்டுவிட்டார். பத்து மணிக்கு, 'தங்கள் மகள் இன்று பள்ளிக்கு வரவில்லை' என்று சுருளியாண்டியின் போனுக்குக் குறுஞ்செய்தி போனது. தக்காளி பறித்துக்கொண்டிருந்தவர் அதை எழுத்துக்கூட்டி வாசித்தார். காலையில் பஸ் ஏற்றிவிட்டது அவர்தான். கையைக்கூடக் கழுவாமல் எக்ஸெல் வண்டியை எடுத்தவர், கடமலைக்குண்டிலிருந்து தேனி வரைக்கும் வழியில் நின்ற ஒவ்வொரு பஸ்ஸையும் எட்டிப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறார்.

பதினொன்றரை மணிக்கு வகுப்பு வாசலில் வந்து நின்றார். மடித்துக் கட்டிய வேட்டி, கையெல்லாம் தக்காளிச் செடியின் பச்சைக் கறை. செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, கும்பிட்டுக்கொண்டு சொன்னார்: "தாயி, எம்மகளப் பாக்க வந்தேன்."

மொக்கம்மாள் எழுந்து வெளியே ஓடினாள். சுருளியாண்டி அவள் தோளைத் தொட்டுப் பார்த்தார், தலையைத் தொட்டுப் பார்த்தார்.

"வந்துதான் இருக்கியாத்தா. வரலன்னு போன்ல வந்துச்சு. மிசினு தப்பாச் சொல்லிருச்சு போல."

"ஆமாப்பா. மிசின் தப்புத்தான்."

அவர் கண் கலங்கியதை மறைக்க, செருப்பைத் தேடுகிறவர் போலக் குனிந்துகொண்டார். பிறகு அந்த முப்பது, நாற்பது கிலோமீட்டரும் திரும்பிப் போனார்.

மறுநாள் காலை ஜெஸ்லின் வகுப்பு வாசலில் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டுவது போலக் கையைக் காட்டி, கும்பிட்டாள். "தாயி, எம்மகளப் பாக்க வந்தேன்." குரல், கழுத்துச் சாய்வு, எல்லாம் அச்சு அசலாக மொக்கம்மாளின் அப்பாதான். வகுப்பில் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். அதன் பின்னால் உள்ளே வந்த ஒவ்வொருத்தியும் ஷூவைக் கழற்றினாள்.

அன்று பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து மொக்கம்மாள் அழுதாள். இறங்குவதற்குள் துடைத்துக்கொண்டாள்.

வீட்டில் தங்கை முனீஸ்வரி காத்துக்கொண்டிருந்தாள். ஒன்பது வயது, நாலாவது படிக்கிறாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்குப் பேச்சு திக்கும். ம, ப என்று உதடு ஒட்டுகிற எழுத்தில் தொடங்கும் சொல் என்றால் கேட்கவே வேண்டாம். அதற்காக அவள் பேசாமல் இருந்ததில்லை. பள்ளிக்கூடத்தில் நடந்ததை எல்லாம் அக்கா வந்ததும் கொட்டித் தீர்த்துவிடுவாள். அன்றைக்கும் ஓடி வந்தாள்.

"அக்கா, ம... ம... மயில் ஒண்ணு ப... ப..."

"ம... ம... ப... ப..." என்றாள் மொக்கம்மாள். உதட்டைப் பிதுக்கி, கண்ணைச் சிமிட்டி, தங்கை செய்வது போலவே செய்தாள். நன்றாக வந்தது. ஜெஸ்லின் சுருளியாண்டியைச் செய்துகாட்டியதைப் போலவே வந்தது.

முனீஸ்வரி நின்றாள். சிரிக்கவா என்று யோசிப்பது போல அக்கா முகத்தைப் பார்த்தாள். பிறகு கொல்லைப்பக்கம் போய்விட்டாள்.

அதற்கு முன்பும் மொக்கம்மாள் இரண்டொரு தடவை இப்படிச் செய்திருக்கிறாள். அதற்குப் பிறகும் செய்தாள். செய்யும்போது நெஞ்சில் இருந்த பாரம் ஒரு நிமிஷம் குறைந்தது போல இருக்கும், பிறகு இரண்டு மடங்காக வந்து உட்கார்ந்துகொள்ளும். இரண்டு வாரத்தில் வீட்டில் சத்தம் குறைந்துபோனது. "சின்னவ என்ன, வாயில கொழுக்கட்டையா வச்சிருக்கா?" என்று முருகம்மாள் ஒருநாள் கேட்டாள். முனீஸ்வரி தலையை மட்டும் ஆட்டினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மொக்கம்மாள் வேதியியல் ரெக்கார்டு நோட்டு எழுதிக்கொண்டிருந்தாள். முனீஸ்வரி வந்து நோட்டின் மேல் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்தாள். சீப்பும் ரிப்பனும் அவள் கையில் இருந்தன. காகிதத்தில் பென்சிலால் எழுதியிருந்தது: 'அக்கா சடை பின்னி விடு.'

"ஏன், வாயால கேக்க மாட்டியா?"

முனீஸ்வரி குனிந்து, அதே காகிதத்தில் கீழே ஒரு சொல் எழுதினாள். 'சிரிப்ப.'

மொக்கம்மாள் அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோணல் மாணலான எழுத்து. பென்சில் அழுத்தியதில் ஒரு இடத்தில் காகிதம் கிழிந்திருந்தது. அவளுக்கு உடனே வாயில் வந்தது ஒரு வாக்கியம்தான். அக்கா சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்டி. நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அது யாருடைய வாக்கியம் என்று அப்போதுதான் தெரிந்தது. அதை விழுங்கினாள்.

"இங்கன உக்காரு" என்று தங்கையை முன்னால் உட்கார வைத்துக்கொண்டாள். தலையை வாரத் தொடங்கினாள். முகத்தைப் பார்க்காமல் பேசுவது சுலபமாக இருந்தது.

"நான் ஒன்னயப் போலப் பேசிக் காட்டினது தப்பு. விளையாட்டு இல்ல அது. ஒனக்கு வலிக்கும்னு தெரிஞ்சுதான் செஞ்சேன்."

முனீஸ்வரியின் தலை அசையவில்லை.

"எனக்கும் பள்ளிக்கூடத்துல ஒருத்தி அப்படித்தான் செய்றா."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். பேர், படம், பை, ரிப்பன், அப்பாவின் செருப்பு. அம்மாவிடம் சொல்லாததை, எந்த மிஸ்ஸிடமும் சொல்லாததை, ஒன்பது வயதுப் பிள்ளையின் பின்னந்தலையைப் பார்த்துச் சொன்னாள். ஒரு சடை முடிந்து அடுத்த சடையும் முடிந்தது. அவிழ்த்துவிட்டு மறுபடியும் பின்னினாள்.

"நீ அழுதியா?" என்று கேட்டாள் முனீஸ்வரி. அந்தச் சொல் திக்காமல் வந்தது.

"ப‌ஸ்ல அழுதேன்."

"அந்த அக்கா பேரு எ... என்ன?"

"ஜெஸ்லின்."

முனீஸ்வரி பேரை மனதில் வைத்துக்கொள்வது போலத் தலையை ஆட்டினாள். பிறகு திரும்பி, அக்காவின் மடியில் தலையை வைத்துக்கொண்டாள். பின்னிய சடை கலைந்தது. மொக்கம்மாள் அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

சாயங்காலம் ஆறரை மணிக்கு எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது முனீஸ்வரி தட்டைத் தள்ளி வைத்தாள்.

"அப்பா. அ... அக்காவ ப... ப... ப..."

அவள் சொல்லி முடிக்க வெகு நேரம் ஆனது. மொக்கம்மாள் ஒருதடவை, "நான் சொல்றேன்டி" என்றாள். முனீஸ்வரி கையைக் காட்டி நிறுத்தினாள். சுருளியாண்டி கையில் எடுத்த கவளத்தை அப்படியே வைத்திருந்தார். பள்ளிக்கூடம் என்ற சொல்லுக்கே அவளுக்கு ஐந்து மூச்சு வேண்டியிருந்தது. படம் என்பதற்கு இன்னும் நாலு. செருப்பைப் பற்றிச் சொன்னபோது சுருளியாண்டி கவளத்தைத் தட்டில் போட்டார்.

முருகம்மாள் எழுந்து போய்ப் போனை எடுத்து வந்தாள். அந்தப் படத்தைத் திறந்து மொக்கம்மாள் முன்னால் நீட்டினாள்.

"இதுல என்ன எழுதியிருக்கு?"

மொக்கம்மாள் வாசித்துச் சொன்னாள்.

"நான் இத ஒஞ் சித்திக்கெல்லாம் அனுப்பினேனே" என்றாள் முருகம்மாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சுருளியாண்டி கை கழுவிவிட்டு வந்து மகள் பக்கத்தில் உட்கார்ந்தார். "அன்னைக்கு மிசினு தப்பில்லையா?"

"இல்லப்பா. எனக்குக் குரல் வரல."

பிறகு அவர் கேட்டார்: "பேர வேணும்னா மாத்திருவமாத்தா? அரசிதழ்ல போட்டு மாத்தலாம்னு கம்ப்யூட்டர் சென்டர்க்காரரு சொன்னாக. நான் நேர்ந்துக்கிட்டது சாமிக்குத்தான். பிள்ளைக்குக் கஷ்டம்னா சாமி என்ன கேக்கப் போகுது."

 "பொறவு பாப்பம்ப்பா" என்றாள்.

திங்கட்கிழமை முருகம்மாள் மகளோடு ஆறே முக்கால் பஸ்ஸில் ஏறினாள். நான் வந்தால் மறுபடியும் சிரிப்பார்கள் என்று சுருளியாண்டி தயங்கியபோது, "அப்ப நான் போறேன்" என்று சொல்லிவிட்டாள். ஆசிரியர் அறையில் கஸ்தூரியம்மாள் எல்லாவற்றையும் கேட்டார். கேட்டுவிட்டு, "பொம்பளப் பிள்ளைக ஒண்ணு சேந்தா இப்படித்தாம்மா. மனசுல ஒண்ணும் வச்சுக்கிட்டுச் செய்யறதில்ல" என்றார்.

முருகம்மாள் போனை மேசைமேல் வைத்தாள்.

"மிஸ், இது ஒரு மாசமா எம் போன்ல கெடக்கு. எனக்கு இங்கிலீசு தெரியாது. எம்மகமேல பிரியத்துல போட்டாகன்னு ஆசையா வச்சிருந்தேன். இவளும் ஆமாம்மா, ஆமாம்மான்னா. நான் சந்தோசப்பட்டத ஏன் கெடுக்கணும்னு பொய் சொல்லிருக்கா. இவ இப்ப பள்ளிக்கூடத்துல தண்ணி குடிக்கிறதில்ல. காலையில வயித்தப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. மனசுல ஒண்ணும் வச்சுக்காமச் செஞ்சதுக்கே இம்புட்டுன்னா, வச்சுக்கிட்டுச் செஞ்சா எம்பிள்ள என்னத்துக்கு ஆவா?"

கஸ்தூரியம்மாள் போனை எடுத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு மொக்கம்மாளிடம் திரும்பினார்.

"உம் பேரக் கேட்டு இந்த வகுப்புல மொதல்ல சிரிச்சது நான்தான், இல்லையா?"

 இல்லை என்று சொல்ல மொக்கம்மாள் நினைத்தாள், பெரியவர்களிடம் அப்படித்தானே சொல்ல வேண்டும். ஆனால் சொல்லவில்லை.

பள்ளியிலிருந்து சொல்லியனுப்பியதும், மதியத்துக்குள் ஜெஸ்லினின் அப்பா முத்துராஜா கடையிலிருந்து வந்துவிட்டார். சட்டையில் வெள்ளைப் பெயின்ட் தெறித்திருந்தது. விஷயத்தைக் கேட்டதும் ஜெஸ்லினை நோக்கிக் கையை ஓங்கினார். முருகம்மாள் குறுக்கே வந்து நின்றாள்.

"அண்ணே, அடிக்காதீக. இதுக்கா நாங்க வந்தோம்."

"இது இப்படித்தாம்மா. வீட்டுல தெனமும் சொல்றேன், தண்டம், தண்டம்னு. இவ அண்ணன் படிப்பென்ன, பவுசென்ன. இது நாலு பேரச் சிரிக்க வைக்கத்தான் லாயக்கு." அவர் பேசிக்கொண்டே போனார், அங்கே இருந்த எல்லோருக்கும் முன்னால்.

ஜெஸ்லின் தரையில் ஒரு விரிசலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தன்னைப் பற்றி யாரும் பேசவில்லை என்பது போல ஒரு முகம். அந்த முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று மொக்கம்மாளுக்குத் தெரியும். மூன்று மாதமாகத் தினமும் வைத்திருக்கிறாள். ஜெஸ்லின் இப்படி நிற்கும் நாளை எத்தனையோ தடவை பஸ்ஸில் உட்கார்ந்து கற்பனை செய்திருந்தாள். அந்த நாள் வந்தபோது சந்தோஷம் வரவில்லை. கோபமும் போகவில்லை.

கஸ்தூரியம்மாள், "சார், இப்ப நீங்க செய்யறதும் அதேதான்" என்றார். முத்துராஜாவுக்கு அது புரிந்ததா என்று தெரியவில்லை. பேச்சை நிறுத்தினார்.

மறுநாள் காலை கஸ்தூரி மிஸ் பதிவேட்டைத் திறப்பதற்கு முன் எழுந்து நின்றார். "முதல் நாள் ஒரு பேரக் கேட்டு நான் சிரிச்சேன். அது தப்பு. நான் சிரிச்சதால நீங்க சிரிச்சீங்க. அந்தப் படம் யார் போன்ல இருந்தாலும் இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள அழிச்சிருக்கணும்." நீண்ட புத்திமதி எதுவும் சொல்லவில்லை. உட்கார்ந்து பேர் வாசித்தார். மொக்கம்மாள் முறை வந்தபோது தலையைத் தூக்கி, அவள் வாயிலிருந்து பதில் வரும்வரை பதிவேட்டில் பேனாவை வைக்காமல் இருந்தார். அன்று மட்டும் இல்லை, அந்த வருஷம் முழுக்க எல்லோருக்கும் அப்படியே செய்தார்.

எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. ஷூ கழற்றும் விளையாட்டு நின்றது. ஆனால் வேப்பமரத்தடி வட்டம் அவளுக்குத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் சொர்ணலதா என்ற பெண் தன் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு கடைசி பெஞ்சுக்கு வந்தாள். அதிகம் பேசாத பெண்.

"எனக்கு எல்லாம் தெரியும்" என்றாள் சொர்ணலதா. "நான் ஒன்னயப் பாத்துச் சிரிச்சதில்ல. ஆனா ஒண்ணும் கேக்கவும் இல்ல."

"சிரிச்ச. ரிப்பன் கட்டின அன்னைக்கு."

சொர்ணலதா கொஞ்சம் யோசித்தாள். "ஆமா. சிரிச்சேன்" என்றாள். பிறகு, "நான் இங்கன உக்காரலாமா, வேணாமா?" என்று கேட்டாள்.

மொக்கம்மாள் நகர்ந்து இடம் கொடுத்தாள். அன்று மதியம் பாதிப் பாட்டில் தண்ணீர் குடித்தாள். சொர்ணலதா கழிப்பறை வரை கூட வந்தாள், எதற்கு என்று கேட்காமலே.

கம்ப்யூட்டர் சென்டரிலிருந்து சுருளியாண்டி பெயர் மாற்றப் படிவத்தை வாங்கி வந்திருந்தார். மொக்கம்மாள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் சில பேர்களை எழுதிப் பார்த்தாள். யாழினி. நிலவரசி. கடையில் கண்ணாடி முன்னால் வேறொருத்தியின் சுடிதாரைப் போட்டுப் பார்ப்பது போல இருந்தது. அழகாகத்தான் இருந்தன. படிவம் இன்னும் டிரங்குப் பெட்டியில் கிடக்கிறது. பன்னிரண்டாவது முடிவதற்குள் யோசிக்கலாம் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். மாற்றினாலும் மாற்றுவாள்.

திங்கட்கிழமைகளில் வயிற்றுவலி இன்னும் வருகிறது. கடைத்தெருவில் பின்னால் யாராவது கொல்லென்று சிரித்தால் கழுத்து தானாக விறைக்கிறது. ஆனால் வலி வந்தால் இப்போது அம்மாவிடம் சொல்கிறாள். முருகம்மாள் இஞ்சி தட்டிப் போட்ட சுடுதண்ணீரைக் கொடுத்துவிட்டு, "இன்னைக்குப் போகணுமா, வேணாமா?" என்று கேட்பாள். அநேகமாகப் போகிறாள்.

சனிக்கிழமைகளில் முனீஸ்வரியை க.விலக்கு பெரியாஸ்பத்திரிக்குப் பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிப்போவது மொக்கம்மாளின் வேலை. அதை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

பொங்கலுக்கு முந்தைய சனிக்கிழமை, பயிற்சி முடிந்ததும் துணி எடுக்க இரண்டு பேரும் தேனிக்குப் போனார்கள். கடைத்தெருவில் நடக்கவே இடம் இல்லை. வீட்டுக்கு வெள்ளையடிக்கிற சமயம் என்பதால் பெயின்ட் கடை வாசலில் கூட்டம் நெரிந்தது. உள்ளே ஜெஸ்லின் டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஆசிரியர் அறையில் பார்த்த நாளுக்குப் பிறகு அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டதில்லை. மொக்கம்மாள் வேகமாகத் தாண்டிவிடப் பார்த்தாள். அதற்குள் ஜெஸ்லின் பார்த்துவிட்டு வெளியே வந்தாள். கைவிரல்களில் நீலப் பெயின்ட்.

"தங்கச்சியா?" என்று கேட்டாள். முனீஸ்வரியைப் பார்த்து, "ஒம் பேரு என்ன?" என்றாள்.

 மொக்கம்மாள் தங்கையின் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"ம... மு... மு..." முனீஸ்வரி நிறுத்தினாள். பயிற்சியில் சொல்லிக்கொடுத்தது போல மூச்சை இழுத்து விட்டாள். "மு... முனீஸ்வரி."

ஜெஸ்லின் சிரிக்கவில்லை. காத்துக்கொண்டு நின்றாள். கடைக்கு உள்ளே இருந்து முத்துராஜா ஏதோ சத்தம் போட்டார். அவள் திரும்பவில்லை.

"நீ... நீங்கதான ஜெஸ்லின் அக்கா?"

"ஆமா."

"நீங்க எங்க அ... அக்காவ அ... அழ வச்சீக. ப... ப... பஸ்ல."

அந்த வாக்கியம் முடியும்வரை ஜெஸ்லின் அசையவில்லை. ஒரு சைக்கிள் மணியடித்துக்கொண்டு அவளை உரசிப் போனது.

"ஆமா" என்றாள். பிறகு மொக்கம்மாளைப் பார்த்தாள். "பஸ்ல அழுதியா? எனக்குத் தெரியாது." உதட்டைக் கடித்துக்கொண்டாள். "ஒங்க அப்பா மாதிரி செஞ்சதுதான் எனக்கு இன்னும்... அத மட்டும் நான் செஞ்சிருக்கக் கூடாது. எதையும் செஞ்சிருக்கக் கூடாது."

மொக்கம்மாள் பரவாயில்லை என்று சொல்லவில்லை. பரவாயில்லை என்று அவளுக்கு இன்னும் ஆகவில்லை. "சரி, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றாள். கிளம்பினவள் ஒரு நொடி நின்று, "கையில பெயின்ட் காயுது பாரு. கழுவு" என்றாள்.

பஸ்ஸில் இரண்டு பேருக்கும் இடம் கிடைத்தது. முனீஸ்வரி புதுப் பாவாடைப் பையை மடியில் வைத்துக்கொண்டு, அன்றைக்குப் பயிற்சியில் கூட வந்த ஒரு பிள்ளையின் ஆட்டுக்குட்டி தண்ணீர்த் தொட்டியில் விழுந்த கதையைத் தொடங்கினாள். முன் சீட்டுக்காரர் ஒருதடவை திரும்பிப் பார்த்தார். அவள் நிறுத்தவில்லை. மொக்கம்மாள் "ம்" கொட்டிக்கொண்டு வந்தாள். ஆட்டுக்குட்டியைத் தூக்கி வெளியே விட்டபோது பஸ் கண்டமனூரைத் தாண்டியிருந்தது.